மொகுதூமின் வலது தோள்

சங்குப்பட்டணத்து அத்தர் கடை மொகுதூம் நெய்னா ஹஜ்ஜுக்குப் போனவர் இல்லை; ஆனால் அந்த ஊரிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துப் படித்துக்கொண்டுதான் போனார்கள். நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பெரிய பள்ளிவாசலை ஒட்டிய கல்யாண மண்டபத்தில், அந்த வருஷத்துப் பயணக்காரர்களை உட்காரவைத்து நூஹு ஆலிம்சா பாடம் நடத்துவார், மண்டபத்தின் நடுவில் ஒட்டுப்பலகையில் அடித்துக் கறுப்புத் துணி போர்த்திய பெட்டி ஒன்று கஅபாவின் இடத்துக்கு அடையாளமாக நிற்கும், தையல் விழாத இரண்டு வெள்ளைத் துணிகளை இடுப்பிலும் தோளிலுமாக எப்படிக் கட்டி இஹ்ராம் அணிவது என்று காட்ட ஓர் உடம்பு வேண்டும், அந்த உடம்பு பதினான்கு வருஷமாக மொகுதூமின் உடம்பாகவே இருந்தது. கட்டுவதில் மனிதர் கெட்டிக்காரர். பெல்ட் கிடையாது, ஊசி கிடையாது, இடுப்பில் இரண்டு சுற்று, உள்பக்கமாக ஒரு மடிப்பு, அவ்வளவுதான். பிறகு அந்த வேட்டியோடு ஓடலாம், குனியலாம், பஸ்ஸில் தொங்கலாம். அவரிடம் படித்துப் போனவர்கள் திரும்பி வந்து, அங்கே எத்தனையோ நாட்டுக்காரனுக்கு வேட்டி நழுவியது, நம் ஊர்க்காரன் ஒருவனுக்கும் நழுவவில்லை என்று பெருமையாகச் சொல்லி, ஒரு குப்பி ஜம்ஜம் தண்ணீரும் நாலு பேரீச்சம்பழமும் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவர் மட்டும் போகவில்லை. கேட்டால் காரணம் தயாராக இருக்கும். ஒரு வருஷம் முழங்கால் வலித்தது, ஒரு வருஷம் கடையைப் பார்க்க ஆள் இல்லை, ஒரு வருஷம் ஒன்றுமே அகப்படாமல், மழை வரும்போல இருக்கிறது என்றார். பாஸ்போர்ட்டாவது எடுத்து வையுங்களேன் என்று அவர் மனைவி ஜொகரா பலமுறை சொல்லிப் பார்த்தாள். அதற்குத் தொப்பியைக் கழற்றிப் படம் எடுக்கச் சொல்கிறார்களாம், அது மரியாதை இல்லை என்று மொகுதூம் மறுத்துவிட்டார். கறுப்பு வெல்வெட் தொப்பி இல்லாமல் அவரை ஊர் பார்த்ததில்லை.

உண்மையான காரணம் அடுத்த தெருவில், பச்சைக் கதவு போட்ட வீட்டில் குடியிருந்தது. அதற்குக் கலந்தர் நெய்னா என்று பெயர். மொகுதூமுக்கு ஆறு வயது மூத்த கூடப்பிறந்த அண்ணன். அந்தக் கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். இரண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சங்குப்பட்டணத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர், அதற்கு முந்திய வாரம் வீடு வீடாக ஏறி, தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டுப் போனாலும் அவருடைய ஹஜ் பாதி வழியில் நின்றுவிடும் என்று ஊர் நம்பியது. கிதாபில் அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்று ஆலிம்சா சொல்லிப் பார்த்தார். கிதாபுக்குத் தெரியாவிட்டால் என்ன, எங்களுக்குத் தெரியும் என்று ஊர் இருந்துவிட்டது. ஆகவே மொகுதூமின் மக்கா, பச்சைக் கதவுக்கு அந்தப் பக்கத்தில்தான் தொடங்கியது.

சண்டையின் கதை ஊருக்கெல்லாம் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலைத் தொழுகை நேரத்தில் அவர்களுடைய வாப்பா மௌத்தானார். கலந்தர் அப்போது சென்னையில் கடை வைத்திருந்தார். போனில் செய்தி கேட்டு, “சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் வச்சிரு தம்பி, காரைப் பிடிச்சு வந்துர்றேன், ஒருவாட்டி முகத்தைப் பாத்துக்கிர்றேன்” என்றார். மையித்தைக் காக்கவைக்கக் கூடாது என்று மார்க்கம் சொல்கிறதே என்று சொல்லி, மொகுதூம் மதியத் தொழுகை முடிந்த கையோடு அடக்கிவிட்டார். கலந்தர் மூன்றரை மணிக்குப் பையோடு வந்து இறங்கியபோது ஊர் கைகால் கழுவிக்கொண்டிருந்தது. அவர் நேரே அடக்கிய இடத்து ஈர மண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பெற்ற தகப்பன் காரியத்திலும் சட்டத்தை விட்டுக்கொடுக்காதவர் என்று மொகுதூமுக்கு அன்றைக்கு ஏற்பட்ட பெயர், பிறகு அவர் விற்ற எந்த அத்தரைவிடவும் நன்றாக ஊரில் மணத்துக்கொண்டிருந்தது. கலந்தருக்கு மூக்குக்கு மேல் கோபம், மார்க்கம் தெரியாத மனிதர் என்று பெயர்.

அந்த வருஷம் பயணக்காரர்கள் பட்டியலில் கலந்தரின் பெயர் இருந்தது. பாடத்தன்று முதல் வரிசையில், முழங்கால் மடங்காததால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். தம்பி வரும் தெருவில் பதினோரு வருஷமாகச் சுவரைப் பார்த்து நடந்தவர், வேறு வழியில்லாமல் தம்பியையே பார்க்க வேண்டியதாயிற்று. எல்லோரும் எழுந்து கட்டிப் பாருங்கள் என்று ஆலிம்சா சொன்னபோது கலந்தருக்கு மடிப்பு நிற்கவில்லை. முதல் தடவை நழுவியது, இரண்டாவது தடவையும் நழுவியது, மூன்றாவது தடவை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கட்டி முடித்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. மொகுதூம் கவனித்தார். இந்த மனுஷன் லட்சக்கணக்கான ஜனத்துக்கு நடுவே இப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறார், பக்கத்தில் நம் ஆள் ஒருவராவது இருக்க வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியது.

“இப்ப நிய்யத்து,” என்றார் ஆலிம்சா. வருஷா வருஷம் சொல்வதையே சொன்னார். “வாயால சொல்றது ஒரு வழக்கம், அவ்வளவுதான். மனசு நினைக்கிறதுதான் நிய்யத்து. மனசு நினைச்சிருச்சுன்னா அந்த நிமிஷத்துலயே பயணம் தொடங்கிரும், அதுக்கப்புறம் திரும்ப முடியாது. அதனால இங்க யாரும் மனசுல வச்சுறாதீங்க, பாடத்துக்காகத்தான் சொல்றோம்.”

ஹஜ்ஜுக்கு முன் செய்யும் சிறிய புனிதக் கடமையான உம்ராவுக்கு உரியதை மொகுதூம் வழக்கம்போல் கணீரென்று சொன்னார்: உம்ரா செய்ய நிய்யத்து வைத்தேன், அதற்காக இஹ்ராம் கட்டினேன், அல்லாஹ்வுக்காக. பிறகு லப்பைக் முழங்கினார், வந்தேன் இறைவா, வந்துவிட்டேன் என்ற அந்த அழைப்பை மண்டபமே திருப்பிச் சொன்னது. பெட்டியைச் சுற்றும் பாடத்துக்காக, மேல்துண்டை வலது கைக்கு அடியில் எடுத்து இடது தோளில் போட்டு, வலது தோளைத் திறந்து காட்டினார். தவாஃபு சுற்றும்போது மட்டும்தான் இப்படி, முடிந்ததும் மூடிவிட வேண்டும், நம் ஆட்கள் மறந்துபோய் ஊர் முழுக்கத் தோளைக் காட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று ஆலிம்சா எச்சரித்தார். ஒரு சுற்று வந்து காட்டிவிட்டு, தேநீர் குடித்து, சட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று மொகுதூம் பின்கட்டுக்குப் போனார். துணி வரவில்லை.

இறுக்கமும் இல்லை, ஒட்டவும் இல்லை. இழுத்தால் வரவில்லை, அவ்வளவுதான். தையல்காரர் புகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் இடுப்பு மடிப்பில் விரலை விட்டுப் பார்த்து, இது சுலபம் என்றார், அரைமணி நேரம் கழித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சுலபம்தான், ஆனால் வராது என்றார். கத்தரிக்கோலை எடுத்து வந்தார். அது மூடித் திறந்து மூடித் திறந்து சத்தம் போட்டது, துணி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மேல்துண்டும் அப்படியே, திறந்த வலது தோளை மூடலாமென்று நாலு பேர் சேர்ந்து இழுத்தும் ஓர் அங்குலம் நகரவில்லை.

ஆலிம்சா மொகுதூமை ஒரு ஓரமாக அழைத்துப் போனார்.

“மனசுல வச்சுட்டீங்களா?”

“இல்லை ஆலிம்சா. பாடத்துக்குத்தான் சொன்னேன்.”

ஆலிம்சா துணியைப் பார்த்தார். துணி மொகுதூமை நம்பியதாகத் தெரியவில்லை.

இப்படித்தான் சங்குப்பட்டணத்துக்கு, மக்காவிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், கருவாட்டுக் கிட்டங்கிக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில், இஹ்ராமோடு ஒரு மனிதர் வாய்த்தார். ஊர் இரண்டு நாள் கூடிக்கூடிப் பேசியது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. இஹ்ராம் கட்டியவர் தலையை மூடக்கூடாது என்பதால் வெல்வெட் தொப்பி ஆணியில் தொங்கியது, அதற்குக் கீழே இத்தனை வருஷமாக ஒரு முடிகூட இல்லாதிருந்த விஷயம் வெளியே வந்தது, பார்த்தவர்கள் மரியாதைக்காக ஆச்சரியப்படாமல் போனார்கள். வாசனை தொடக்கூடாது என்பதால் அத்தர் கடைக்காரர் அத்தர் கடைக்குள் போக முடியவில்லை. ஜொகரா கடையில் உட்கார்ந்தாள், அவர் எதிர்ச்சாரியில் பூவரச மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தன் கடையைத் தூரத்திலிருந்து பார்த்தார். வாங்க வருகிறவர்களுக்கு அரைமணி நேரம் ஊது அத்தரின் வரலாறு சொல்ல ஆள் இல்லாததால் வியாபாரம் முன்னைவிடச் சுறுசுறுப்பாக நடந்தது. மீன்குழம்பு கொட்டினால் துணியில் ஒட்டாமல் வழிந்து போயிற்று. குளித்தால் நனைந்தது, வாசலைத் தாண்டுவதற்குள் காய்ந்தது. இஹ்ராமில் இருப்பவர் உயிர்களைத் துன்புறுத்தக் கூடாதென்று எறும்புகளுக்கு யார் சொன்னார்களோ, ஊர் எறும்பெல்லாம் அவருடைய ஸ்டூலுக்கடியில் குடிவந்தன, மீன்கடைப் பூனைகள் அவர் காலில் தலைவைத்துத் தூங்கின. மீனவர் தெரு வியாகுலப் பிச்சைகூடப் படகு இறக்குமுன் ஒருமுறை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார், கேட்டால், எங்க கோயில்லயும் போறேன், இங்கயும் ஒரு எட்டு வந்தேன் என்றார்.

எல்லாவற்றையும்விட ஊருக்குப் பிடித்துப்போனது வேறு. இஹ்ராமில் இருப்பவர் சண்டை பிடிக்கக் கூடாது. மொகுதூமோ, வெயில் அடிக்கிறது என்று யாராவது சொன்னால், அடிப்பது வெயில் இல்லை, அனல் என்று அரைமணி நேரம் வாதாடக்கூடியவர். அவரிடம் தோற்றுத் தோற்று மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது ஆறுதலாக வந்து, எதிரே குந்தி, பத்து வருஷத்துப் பழைய வழக்குகளை எடுத்துச் சொல்லித் தீர்த்துக்கொண்டு போனார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, லப்பைக் என்பார். ஜொகரா சோறு போடும்போது, முப்பத்திரண்டு வருஷமாக அவர் குறுக்கே விழுந்து முடிக்க விடாத வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நிதானமாகக் கடைசிவரை சொல்லி முடித்தாள். அவற்றில் பல நல்ல வாக்கியங்கள் என்று மொகுதூமுக்கே பட்டது.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. அந்த வலது தோள். திறந்த தோளோடு தொழுவது அழகில்லை என்று ஆலிம்சாவுக்கு ஐந்து வேளையும் மனசு உறுத்தியது. தொழுகை தொடங்குமுன் ஒருமுறை வந்து துண்டை இழுத்துப் பார்ப்பார், பெருமூச்சு விட்டுவிட்டுப் போய் நிற்பார். தோள் வெயிலில் கறுத்தது, கொசு கடித்துத் தடித்தது, இரண்டு நாள் பெய்த மழையில் சில்லிட்டது. இந்த ஊரில் ஒரு மனுஷனுடைய தோளை மூட ஒரு கை இல்லையா என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் ஆலிம்சா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். இஹ்ராம் கட்டியபின் போக முடியாமல் தடுக்கப்பட்டவர், ஓர் ஆட்டை அறுத்துத் தலைமுடி களைந்தால் விடுபடலாம் என்று கிதாபில் இருந்தது. முடி விஷயத்தில் அதிக வேலை இருக்காது என்று புகாரி சொன்னார். கறுப்புக் கிடாய் ஒன்றைப் பிடித்துவந்து பூவரச மரத்தில் கட்டினார்கள், ஊர் கூடியது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆலிம்சா ஒரு முறைக்காகக் கேட்டார்.

“உங்களைத் தடுத்தது யாரு? பகைவனா?”

“இல்லை.”

“நோயா?”

“இல்லை.”

“சர்க்காரா?”

“ஹஜ்ஜு சீசன்ல உம்ராவுக்கு விசா குடுக்க மாட்டாங்களே ஆலிம்சா.”

“சர்க்கார் தடுக்கணும்னா நீங்க முதல்ல அதுகிட்ட கேட்டிருக்கணும். பாஸ்போர்ட்டே இல்லையே உங்ககிட்ட. வேற யாரு தடுத்தா?”

மொகுதூம் தரையைப் பார்த்துக்கொண்டு, “காக்கா,” என்றார்.

“அவங்க வீட்டுக் கதவைத் தட்டினீங்களா? தட்டி, போடான்னு சொன்னாங்களா?”

ஆலிம்சா கத்தியைத் துணியில் சுற்றினார். “அப்ப உங்களை யாரும் தடுக்கலை. ஆட்டை அவுத்து விடுங்க.”

அவிழ்த்துவிட்ட ஆடு போகவில்லை. அன்றிலிருந்து மொகுதூம் எங்கே போனாலும் மூன்றடி பின்னால் நடந்தது. பள்ளிவாசல் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தொழுது முடித்து வரும்வரை அசைபோட்டது.

ஊருக்குத் தெரியாத ஒன்று மொகுதூமுக்குத் தெரியும். வாப்பா படுக்கையில் கிடந்த ஒன்பது மாசமும் அவரைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டியது மொகுதூம்தான். ஒவ்வொரு முறை அவர் கதவைத் திறந்து உள்ளே போகும்போதும் கண் தெரியாத வாப்பா தலையைத் தூக்கி, “யாரு, கலந்தரா?” என்று கேட்பார். நான்தான் வாப்பா, மொகுதூம் என்றால், “ஓ, நீயா,” என்று தலையைச் சாய்த்துக்கொள்வார். ஒரு நாளைக்குப் பத்து முறை. கடைசி நாள் விடியலிலும் கதவுச் சத்தம் கேட்டு அதைத்தான் கேட்டார், அதற்கு மொகுதூம் பதில் சொல்லுமுன் உயிர் போய்விட்டது. அதே ஊரில், சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பிள்ளை வரட்டும் என்று அசர்வரை காத்திருந்த மையித்துகள் உண்டு. யாரும் தப்பாகப் பேசியதில்லை. மொகுதூமின் வாய் சொன்னது மார்க்கம். மனசில் இருந்தது வேறு: நாளைக்குப் பத்து முறை காக்கா பெயரையே காதால் கேட்டேனே, வாப்பா முகத்தை அவரும் பார்க்காமல் போகட்டும். மண்ணைத் தள்ளியபோது அவருக்குக் கிடைத்த நிம்மதி ஒரு பொல்லாத நிம்மதி, அது அவருக்கு அப்போதே தெரியும். சரியான காரியத்தைக் கெட்ட நினைப்போடு செய்துவிட்டு, அதற்குப் பதினோரு வருஷமாகப் பாராட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். அதைக் கழற்றிவைக்க அவருக்கு மனசு வரவில்லை. இப்போது இந்தத் துணியும் கழல மறுத்தது.

புறப்படுவதற்கு முந்திய வாரம் கலந்தர் கைத்தடியோடு வீடு வீடாக ஏறத் தொடங்கினார். நானூறு வீடும் ஏறப்போகிறார், அந்த ஒரு வீட்டுக்கு வருவாரா என்று ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பயணம் போகிறவர்தான் வர வேண்டும் என்றது ஒரு கட்சி, இளையவர்தான் எழுந்து போக வேண்டும் என்றது இன்னொரு கட்சி, இஹ்ராமில் இருப்பவரும் பயணம் போகிறவர்தானே, அப்படியானால் என்ன கணக்கு என்று புகாரி கேட்டு இரண்டு கட்சியையும் குழப்பினார். மொகுதூமின் தெருவுக்குக் கலந்தர் வியாழக்கிழமை வந்தார். ஜொகரா வட்டிலாப்பம் அவித்து, வாசல் தெளித்து, கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். கைத்தடிச் சத்தம் பக்கத்து வீட்டுப் படி இறங்கி, இவர்கள் வாசலுக்கு வந்து, நின்றது. மொகுதூம் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். வரவில்லை. கைத்தடிச் சத்தம் அடுத்த வீட்டுப் படி ஏறியது.

ஜொகரா வட்டிலாப்பத்தை மூடிவைத்துவிட்டு வந்தாள். “அவங்க வந்து நின்னாங்க. நம்ம வாசல்ல எட்டு மூச்சு விட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை விடலை,” என்றாள். “வாப்பாவைப் பாத்துக்கிட்டவங்க நீங்கதான், நான் இல்லைங்கலை. ஆனா அன்னைக்கு அடக்கப் போகையில நீங்க ஏன் அவ்வளவு வேகமா நடந்தீங்கன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியலைங்க. சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினவங்களே மூச்சு வாங்குதுன்னாங்க. வெயிலுக்காக நடந்த நடை மாதிரி அது எனக்குத் தெரியலை.”

முன்னே என்றால் அவர் குறுக்கே விழுந்திருப்பார். இப்போது கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது, சண்டை பிடிக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, அழக்கூடாது என்று எங்கேயும் இல்லை என்பதால் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பின் பெரிய பள்ளிவாசல் முன்னால் வேன் நின்றது. பயணக்காரர்கள் ஒன்பது பேர். ஊரே திரண்டு, எங்களுக்காக துஆ கேளுங்கள், மதீனாவில் நபிகளுக்கு எங்கள் சலாத்தைச் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கலந்தர் வேன் படியில் ஒரு காலை வைத்துவிட்டார், மற்றக் கால் மடங்க மறுத்ததால் ஒருவர் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தார். அப்போது கூட்டம் தானாக விலகியது. முப்பத்தைந்து நாளாய் அழுக்கேறாத வெள்ளைத் துணியில், வழுக்கைத் தலையும் கறுத்த தோளுமாக மொகுதூம் வந்தார், பின்னால் ஆடு வந்தது.

அவர் அண்ணனிடம் பேச வந்தவர்போல் நிற்கவில்லை. ஊரைப் பார்த்து நின்றார். பாடம் நடத்தும் அதே கணீர்க் குரல்தான், நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது.

“எல்லாரும் கேட்டுக்கங்க. வாப்பா மௌத்தான அன்னைக்கு நான் மார்க்கத்துக்காக அவசரப்படலை. காக்கா முகத்தைப் பாக்கக் கூடாதுன்னுதான் அவசரப்பட்டேன். மார்க்கத்தைச் சாக்கா வச்சுக்கிட்டேன். நீங்க பதினோரு வருஷமா என்னைப் பாராட்டினீங்க, நானும் வாங்கிக்கிட்டேன். அத்தனையும் திருட்டுப் பாராட்டு.”

ஊர் அவரைத் திட்டலாம்தான், ஆனால் அன்று தலையாட்டியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் செருப்பைப் பார்த்தார். பிறகுதான் மொகுதூம் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“காக்கா, இன்னொன்னும் இருக்கு. வாப்பா ஒன்பது மாசமும் உங்களைத்தான் கேட்டாங்க. நான் கதவைத் திறந்தா, யாரு, கலந்தராம்பாங்க. கடைசியாவும் அதைத்தான் கேட்டாங்க. உங்ககிட்ட சொல்லணும்னு தெரியும். வேணும்னேதான் சொல்லலை.”

கலந்தர் படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தார். அவருடைய முகத்தில் கோபம் வரும் என்று ஊர் காத்திருந்தது, அது வந்ததோ என்னவோ, வந்து நிற்க இடமில்லாமல் போயிருக்க வேண்டும். வாப்பா தன்மேல் மனத்தாங்கலோடு போய்விட்டார், கூப்பிட்டுவிடக்கூட இல்லையே என்று அவர் பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்ததை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

“கதவு ஒவ்வொருவாட்டி திறக்கையிலயுமா?” என்று கேட்டார்.

“ஒவ்வொருவாட்டியும்.”

“கடைசியாவும்?”

“கடைசியாவும் காக்கா.”

கலந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். பிறகு கைத்தடியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்து, தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்கும் அன்னைக்கு ஒரு வாப்பாதானே போனாங்க,” என்றார். “அதை நானும் யோசிக்கலை. போவட்டும்.” பிறகு தம்பியின் தோளைப் பார்த்தார். “தவாஃபுல மட்டும்தானே தோளைத் திறக்கணும். ஊரு பூராத் தோளைக் காட்டிக்கிட்டுத் திரியிறே. நீயெல்லாம் எங்களுக்குப் பாடம் எடுத்தே.”

சொல்லிக்கொண்டே கையை நீட்டி, மேல்துண்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, தம்பியின் வலது தோள்மேல் போட்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் வராத துண்டு, முழங்கால் மடங்காத ஒரு கிழவரின் இரண்டு விரலுக்கு வந்தது. வந்து தோளை மூடியது. அவர் அதன்மேல் ஒருமுறை தட்டி, சுருக்கத்தை நீவிவிட்டு, வேனில் ஏறிக்கொண்டார். ஆலிம்சா, அல்ஹம்துலில்லாஹ் என்றார். அதில் பாதி அண்ணன் தம்பிக்காக, பாதி இனிமேல் தொழுகையில் உறுத்தாதே என்பதற்காக.

வேன் நகர்ந்தது. ஜன்னலில் கலந்தர் தலையை நீட்டி, “நான் வந்ததும் நீ கிளம்பு. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் நான் சலாம் சொல்லுவேன், ஆனா நீ ஒருவாட்டி நேர்ல வந்து சொல்லிக்க,” என்றார். மொகுதூம் கையைத் தூக்கி ஆட்டினார். ஆட்டும்போது இடுப்பில் ஏதோ இளகியது. முப்பத்தைந்து நாளாகக் கத்தரிக்கோலுக்கும் அசையாத வேட்டி, கடல் காற்றுக்குப் படபடத்து, உலகத்தில் எல்லோருடைய வேட்டியையும்போல நழுவப் பார்த்தது. பதினான்கு வருஷம் ஊருக்கே கட்டச் சொல்லிக்கொடுத்தவர் பதறிப்போய் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

“அவுந்திருச்சு மொகுதூம் காக்கா,” என்றார் புகாரி. “முடிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாட்டிக்கங்க.”

“சும்மா இரு,” என்றார் மொகுதூம். இடுப்பில் இரண்டு சுற்று, உள்பக்கமாக ஒரு மடிப்பு. மடிப்பு நிற்கவில்லை. மறுபடி கட்டினார், மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கட்டி முடித்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

“பாஸ்போர்ட்டு ஆபீஸு நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பான்?” என்று ஜொகராவைக் கேட்டார்.

“பத்து மணிக்கு. தொப்பியைக் கழட்டித்தான் படம் எடுப்பாங்களாம், பரவாயில்லையா?”

“எடுக்கட்டும்,” என்றார் மொகுதூம். கடைத்தெரு வழியாக அவர் வீட்டைப் பார்த்து நடந்தார், ஜொகராவும் ஆடும் பின்னால் நடந்தார்கள், வழியில் யாராவது சலாம் சொன்னால் ஒரு கையால்தான் பதில் மரியாதை செய்தார், மற்றக் கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. இனிமேல் அந்தத் துணியை அவர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.